மின்னொலியும் மனிதக் கையும்

ஓசூர் வட்டாரத்துப் பங்குகளில் 'கேசியோ' என்றால் அது ஒரு நிறுவனத்தின் பெயர் என்று எவரும் எண்ணுவதில்லை. பாடகர் குழுவின் மேசைமீது இருக்கும் எந்தக் கீபோர்டும் கேசியோதான். அதன் நெற்றியில் யமஹா என்று பொறித்திருந்தாலும் கேசியோதான். கால்குலேட்டரும் கைக்கடிகாரமும் செய்து பெயர்பெற்ற அந்த ஜப்பானிய நிறுவனம், 1980-இல் 'கேசியோடோன்' என்னும் சிறிய மின்னிசைப் பலகையை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதே பத்தாண்டில்தான் ஓசூரில் டைட்டன் கடிகார ஆலையும் எழுந்தது. 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்து, அசோக் லேலண்டும் டி.வி.எஸ்.ஸும் வந்து, தென் மாவட்டங்களிலிருந்து வேலை தேடிக் கத்தோலிக்கக் குடும்பங்கள் இங்கே குடியேறின. எலத்தகிரி, மத்தகொண்டப்பள்ளி போன்ற பழைய கிறிஸ்தவ ஊர்களின் மக்களோடு அவர்களும் சேர்ந்து, தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் புழங்கும் இந்த எல்லைப்புறத்தின் இறைமக்களாயினர். 1997-இல் சேலத்திலிருந்து பிரிந்து தருமபுரி மறைமாவட்டம் உருவானபோது, ஞாயிறு திருப்பலியில் கீபோர்டு ஏற்கெனவே இடம்பிடித்திருந்தது.

வாசிப்பவர் பெரும்பாலும் ஆலைத் தொழிலாளி; இரவுப்பணி முடித்து வந்து அமர்பவர். வலக்கையால் மெட்டை வாசிக்கிறார். இடக்கையின் ஒரு விரலை ஒரு கட்டையில் வைக்கிறார். உடனே தாளம் எழுகிறது, அடியொலி நடக்கிறது, வயலின் கூட்டமொன்று பின்னணியில் இழைகிறது. இவற்றுள் ஒன்றையும் அவர் வாசிக்கவில்லை. ஜப்பானில் எவரோ எப்போதோ அமைத்துவைத்த ஒழுங்கு, பொத்தானை அழுத்தியதும் ஓடுகிறது. அப்படியானால் இங்கே இசைப்பவர் யார்? இக்கேள்வி விளையாட்டுக் கேள்வியன்று. நம் திருச்சபையே அதை ஒருமுறை ஏட்டில் எழுதிக் கேட்டிருக்கிறது.

1958 செப்டம்பர் 3-ஆம் நாள், திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் இறப்பதற்கு ஏறத்தாழ ஐந்து வாரங்களுக்கு முன், உரோமைத் திருச்சடங்குப் பேராயம் திருவழிபாட்டு இசை பற்றி நீண்டதோர் அறிவுறுத்தலை வெளியிட்டது. இன்று அதைப் படிப்பவர் அரியர். ஆயினும் மின்னிசைபற்றி அதில் இரண்டு செய்திகள் உள்ளன. ஒன்று, மின்னார்கனைப் பற்றியது: சிறியதொரு குழல் ஆர்கனைக்கூட வாங்க இயலாத ஆலயம், ஆயரின் வெளிப்படையான அனுமதியோடு, தற்காலிகமாக அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம். மற்றது இன்னும் கூர்மையானது: ஒருவர் தாமே வாசிக்கும் கருவிகள் மட்டுமே திருவழிபாட்டுக்கு உரியவை, தானே இயங்கும் கருவிகள், இசைத்தட்டு, ஒலிநாடா, வானொலி ஆகியவை கூடா.

இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகும். மின்சாரத்திலிருந்து பிறக்கும் ஒலியை அந்த ஏடு தயக்கத்தோடேனும் ஏற்றது. மனிதக் கையிலிருந்து பிறவாத இசையை ஏற்கவில்லை. அதன்பின் 1963 டிசம்பர் 4-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் திருவழிபாட்டு ஏடும், 1967 மார்ச் 5-இல் திருவழிபாட்டு இசைக்கான புதிய அறிவுறுத்தலும் வந்து, பழைய கட்டுப்பாடுகள் பலவற்றைத் தளர்த்தின. குழல் ஆர்கனுக்கு உரிய மதிப்பைச் சொன்னபின், அந்தந்த மக்களின் பண்பாட்டுக்கு ஏற்ற பிற கருவிகளுக்கும் கதவு திறக்கப்பட்டது. ஆனால் 1967 ஏடும் ஒன்றை வற்புறுத்தியது: கருவியின் ஒலி பாடுவோரின் குரலைத் தாங்க வேண்டும், பாடலின் சொற்கள் கேளாதபடி அதை மூழ்கடிக்கலாகாது.

மின்னொலியின் வரலாற்றை இந்த அளவுகோலோடு பார்ப்போமானால், அது தொடக்கம் முதலே இரு கிளைகளாகப் பிரிந்து வந்திருப்பதைக் காணலாம். கையின் வேலையைக் குறைத்து, எந்திரமே வாசிக்கும்படி செய்ய முயன்றது ஒரு கிளை. கையின் நுண்ணசைவை எந்திரத்துக்குக் கற்பிக்க முயன்றது மற்றொன்று. நம் ஆலயங்களுக்கு வந்து சேர்ந்தது முதற்கிளையே. இரண்டாவது கிளை இன்று கணினிக்குள்ளும் கைபேசிக்குள்ளும் வெறும் நிரலாகவே குடியேறி, விலையின்றியும் கிடைக்கிறது. எனினும் அதைப்பற்றி நம் பாடகர் குழுக்கள் அறிந்திருப்பதாகத் தெரியவில்லை.

கதை மின்சாரத்துக்கு முன்பே தொடங்குகிறது. 1840-களின் தொடக்கத்தில் பாரிசில் அலெக்சாந்தர் தெபேன் என்பார் ஆர்மோனியத்துக்குக் காப்புரிமை பெற்றார். குழல் ஆர்கன் வாங்க இயலாத சிற்றாலயங்களுக்கு அது பெரிதும் உதவிற்று. காலால் துருத்தியை மிதித்து வாசிக்கும் அக்கருவியை மறைப்பணியாளர்கள் இந்தியாவுக்கும் கொண்டுவந்தனர். 1875-இல் கல்கத்தாவின் துவாரகநாத் கோஷ், தரையில் அமர்ந்து ஒரு கையால் துருத்தியை இயக்கி மறு கையால் வாசிக்கும்படி அதை மாற்றியமைத்தார். அதன்பின் அதற்குத் தடையே இல்லை. நாடகக் கொட்டகை, பஜனை மடம், ஆலயம் எங்கும் அது புகுந்தது.

ஆனால் ஆர்மோனியத்தின் சுரங்கள் உறைந்த சுரங்கள். ஒரு கட்டைக்கு ஒரே ஒலி. வீணைக் கம்பியை இழுப்பதுபோல், நாதஸ்வரத்தில் உதட்டின் அழுத்தத்தால் ஒலியை வளைப்பதுபோல், அதில் ஒரு சுரத்திலிருந்து மறு சுரத்துக்கு வழுக்கிச் செல்ல முடியாது. நம் இசையின் உயிரோ சுரத்தில் மட்டுமன்றி, சுரங்களுக்கு இடையிலும் இருக்கிறது. அதைத்தான் கமகம் என்கிறோம். தாகூர் ஆர்மோனியத்தை வெறுத்தார். 1940-இல் அகில இந்திய வானொலி அதைத் தன் நிலையங்களிலிருந்தே விலக்கியது. தடை தளர 1971 வரை காத்திருக்க நேர்ந்தது. வானொலியின் கண்டிப்பு மிகையானது என்பதே நம் கருத்து. எனினும் அதன் பின்னிருந்த கவலை மெய்யானது.

அந்தக் கவலையைத் தமிழ்க் கிறிஸ்தவர் ஒருவர் முன்னமே எண்களால் எழுதியிருந்தார். தஞ்சையில் வாழ்ந்த மருத்துவர் ஆபிரகாம் பண்டிதர், 1917-இல் வெளியிட்ட 'கருணாமிர்த சாகரம்' என்னும் பெருநூலில், ஒரு தாயியில் இருப்பவை 22 சுருதிகள் என்னும் கொள்கையை மறுத்து, பழந்தமிழ் நூல்களை ஆதாரமாகக் காட்டி, 24 என்று நிறுவ முயன்றார். அதற்கு முந்தின ஆண்டு பரோடாவில் நடந்த அகில இந்திய இசை மாநாட்டிலும் இதற்காக வாதிட்டார். அவர் முடிவை எல்லாரும் ஏற்றாரில்லை. ஆனால் கட்டைகள் பன்னிரண்டுக்குள் அடங்காத நுண்ணொலிகள் நம் இசையில் உண்டு என்பதை ஒரு கிறிஸ்தவ இல்லத்தார் இவ்வளவு முனைப்போடு ஆய்ந்தனர் என்பதை நாம் மறந்துவிடலாகாது. இதற்கு மீண்டும் வருவோம்.

1935-இல் அமெரிக்காவில் லாரன்ஸ் ஹாமண்டு தம் மின்னார்கனை வெளியிட்டார். சுழலும் பற்சக்கரங்கள் காந்தச் சுருளருகே ஓடி மின்னலைகளை எழுப்ப, அவற்றைக் கூட்டிக் குறைத்துப் பல நிறங்கொண்ட ஒலிகளைப் பெறலாம். ஓசூர்ப் பட்டறைகளில் பற்சக்கரம் வெட்டுவோருக்கு அது எளிதில் விளங்கும் கருவியே. குழல் ஆர்கனின் விலையோடு ஒப்பிட்டால் மலிவு என்பதால் ஆலயங்கள் அதை விரும்பி வாங்கின. 1958 ஏட்டின் தயக்கத்துக்கு இதுவே பின்னணி. 1964-இல் இராபர்ட் மூக் தம் சிந்தசைசரை அறிமுகம் செய்தார். ஒலியை எழுப்பும் அலையாக்கி, அதில் வேண்டாத பகுதியை நீக்கும் வடிகட்டி, ஒலி எழுந்து தணிந்து நின்று அடங்கும் வடிவத்தை வரையும் பகுதி என்று தனித்தனிப் பெட்டிகளாக அவர் பிரித்தார். பின்வந்த சிந்தசைசர்களுள் பெரும்பாலானவையும் இன்றைய மென்பொருள்களுள் பலவும் இதே பிரிவினையில்தான் நிற்கின்றன.

மூக்கின் கருவி இந்தியாவுக்கு வர நெடுங்காலம் ஆகவில்லை. 1969-இல் அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில், அமெரிக்க இசைஞர் டேவிட் டியூடர் உதவியோடு மின்னிசைக்கூடம் ஒன்று அமைந்தது. கீதா சாராபாய், அதுல் தேசாய், ஐ.எஸ். மாத்தூர், எஸ்.சி. சர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா ஆகியோர் அங்கே ஒலிகளைச் செய்து பார்த்தனர். 1972-க்குப் பின் அம்முயற்சி ஓய்ந்தது. நாடாக்கள் அலமாரியில் உறங்கின. அவற்றைத் தேடியெடுத்து வெளியுலகுக்குக் கேட்கச் செய்தது நெடுங்காலம் கழித்துத்தான். (அதே 1969-இல்தான் நம் திருப்பலியில் இந்திய வழிபாட்டுச் செய்கைகள் பன்னிரண்டுக்கு உரோமை இசைவு தந்தது. பெங்களூரின் தேசிய விவிலிய, மறைக்கல்வி, திருவழிபாட்டு நடுவத்தில் தமிழ்க் குருவாகிய அமலோற்பவதாஸ் அடிகள் அப்பணியில் முனைந்திருந்தார். இந்திய வழிபாடு எப்படி ஒலிக்க வேண்டும் என்று தேடியவர்களும், இந்திய மின்னொலி எப்படி இருக்க வேண்டும் என்று தேடியவர்களும் ஒருவரையொருவர் கண்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.)

பெங்களூருக்கு வருவோம், நமக்கு நாற்பது கிலோமீட்டர்தானே. பொறியாளரும் புல்லாங்குழல் கலைஞருமான ஜி. ராஜ் நாராயண் அங்கே 1979-இல் மின்னணுத் தம்பூராவை உருவாக்கினார். 'ராடெல்' என்னும் பெயரில் வந்த அந்தச் சிறு பெட்டிகள் இன்று கச்சேரி மேடைகளிலும் இசைப் பள்ளிகளிலும் சர்வ சாதாரணம். இசைஞர் ஒருவர் தம் தேவையை அறிந்து, தம் இசையின் இலக்கணத்துக்கு உட்பட்டு, தம் கையாலேயே மின்சுற்றை அமைத்தார் என்பதே இங்கே கவனிக்கத்தக்கது. தொழிற்சாலைகள் தந்த ஒலிப்பட்டியலில் எண்ணைத் தேர்ந்தெடுத்து அவர் நிறைவு கொள்ளவில்லை.

ஒரு தடை எழலாம். மின்னணுத் தம்பூராவும் தானாகவே ஒலிக்கும் பெட்டிதானே? 1958 ஏட்டின் சொல்லை அப்படியே கொண்டால் அதுவும் விலக்கப்பட வேண்டியதல்லவா? உண்மைதான். ஆனால் தம்பூரா எவரையும் இழுத்துச் செல்வதில்லை. அது தாளம் போடுவதில்லை; அடுத்த வரிக்கு இப்போதே வா என்று ஏவுவதில்லை. பாடுகிறவர் மூச்செடுத்தால் அது காத்திருக்கிறது. கண்ணீர் முட்டி நின்றுவிட்டால் அப்போதும் காத்திருக்கிறது. குரலைத் தாங்குவது என்று 1967 ஏடு சொன்னது இதைத்தான் போலும். தானே இயங்குகிறதா என்று கேட்பதோடு, குரல் எந்திரத்தைப் பின்தொடர்கிறதா, எந்திரம் குரலைப் பின்தொடர்கிறதா என்றும் கேட்க வேண்டியிருக்கிறது.

இனி, கையின் நுண்ணசைவை எந்திரம் கற்ற கதைக்கு வருவோம். இதில் மிக வியப்பான நிகழ்ச்சி 1967-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் நடந்தது. ஜான் சௌனிங் என்னும் இசையமைப்பாளர் கணினியில் ஒலியின் அசைவை ஆராய்ந்துகொண்டிருந்தார். பாடகர் ஒரு சுரத்தில் நிற்கும்போது குரல் நொடிக்கு ஐந்தாறு முறை மேலும் கீழும் நடுங்குகிறதல்லவா, அதைப் போன்ற அசைவு. நம் இலக்கணத்தில் கம்பிதம் என்பதற்கு உறவான ஒன்று. அவர் அந்த அசைவை வேகப்படுத்திக்கொண்டே போனார். நொடிக்கு இருபது, ஐம்பது, நூறு என்று கூட்டக் கூட்ட, ஒரு கட்டத்தில் காது நடுக்கத்தைக் கேட்பதை நிறுத்திவிட்டது. அதற்கு மாறாக முற்றிலும் புதிய நிறமுள்ள ஓர் ஒலி எழுந்தது. மணியோசை, பித்தளைக் குழலோசை என்று வேகத்தையும் அளவையும் மாற்றுவதற்கேற்ப ஒலியின் நிறமே மாறியது. கமகம் கடுகி ஓடினால் அதுவே ஒலிநிறமாகிவிடுகிறது! இரண்டே இரண்டு எளிய அலைகளைக் கொண்டு எண்ணற்ற ஒலிகளைச் செய்யும் வழி இவ்வாறு பிறந்தது. 1973-இல் சௌனிங் இதைக் கட்டுரையாக வெளியிட்டார், யமஹா நிறுவனம் உரிமத்தைப் பெற்றது, 1983-இல் டி.எக்ஸ்.7 என்னும் கீபோர்டு உலகெங்கும் பரவியது.

அதே சௌனிங் பின்னர்க் கண்ட மற்றொன்றும் உண்டு. 1980-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பாரிசில் அவர் பெண்குரலைக் கணினியில் உண்டாக்க முயன்றார். குரலுக்குரிய அலைகளையெல்லாம் சரியான அளவில் அடுக்கியபின்னும் கேட்டது குரலாகத் தோன்றவில்லை. தனித்தனி ஒலிகளின் குவியலாகவே இருந்தது. எல்லா அலைகளையும் ஒருசேர மெல்ல நடுங்கச் செய்தார். அக்கணமே அவை ஒன்றிணைந்து ஒரு பெண் பாடுவதாகக் காதில் விழுந்தன. அசைவு சேர்ந்தபோதுதான் ஒலி குரலாயிற்று. 1981-இல் அவர் அமைத்த 'ஃபோனே' என்னும் ஆக்கத்தில் இந்த மாற்றத்தைக் கேட்கலாம்.

டி.எக்ஸ்.7 வந்த 1983-ஆம் ஆண்டிலேயே 'மிடி' என்னும் பொது ஒழுங்கும் வந்தது. டேவ் ஸ்மித், இக்குதாரோ காக்கேஹாஷி ஆகிய இருவரின் முயற்சியால் வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகள் ஒன்றோடொன்று பேசும் மொழியாக அது அமைந்தது. எந்தக் கட்டை, எவ்வளவு வேகமாக அழுத்தப்பட்டது, எப்போது விடப்பட்டது என்பனவற்றை அது எண்களாகச் சொல்லும். கட்டைகளுக்கு 0 முதல் 127 வரை எண், அழுத்தத்துக்கும் அவ்வாறே. பியானோ வாசிப்போரை மனத்தில் கொண்டு அமைந்த மொழி அது. சுரத்தை வளைக்கக் கீபோர்டின் இடப்புறம் ஒரு சக்கரம் உண்டு. ஆனால் அச்சக்கரத்தைத் திருப்பினால் அத்தடத்தில் ஒலிக்கும் எல்லாச் சுரங்களும் ஒன்றாக வளையும். ஆதார சட்ஜம் அசையாமல் நிற்க, மேலே காந்தாரம் மட்டும் அசைய வேண்டுமானால் அந்த ஒழுங்கில் எளிதில் இயலாது. தம்பூராவும் பாடகரும் சேர்ந்து சாய்வதுபோல் ஆகிவிடும். விலை குறைந்த கீபோர்டுகள் பலவற்றில் அச்சக்கரமும் இல்லை.

தமிழ்த் திரையிசை இக்கருவிகளை விரைந்து கைக்கொண்டது. 1986-இல் 'புன்னகை மன்னன்' படத்தில் இளையராஜா கணினி இசையைப் பயன்படுத்தினார். 1992-இல் 'ரோஜா' வந்தபின் சிந்தசைசரின் ஒலிநிறம் தமிழ்க் காதுக்குப் பழகியதாயிற்று. அவ்விசையமைப்பாளர் ஏ.ஆர். ரகுமானே 2009-இல் வெளிவந்த 'தில்லி-6' இந்திப் படப் பாடலொன்றில், கட்டைகளே இல்லாத 'கண்டினுவம்' என்னும் பலகையை வாசித்தார். விரலைப் பரப்பின்மீது வழுக்கினால் சுரமும் வழுக்கும் கருவி அது. புகழின் உச்சியிலிருந்த ஒருவருக்கும் கட்டைப் பலகை போதாமற்போனது கவனிக்கத்தக்கது.

கணினியே இசைக்கருவியாவது அதற்கும் பழைய கதை. 1957-இல் பெல் ஆய்வுக்கூடத்தில் மேக்ஸ் மேத்யூஸ் ஓர் அறையளவு கணினியில் சில நொடி இசையை உண்டாக்கினார். ஒரு நொடி ஒலிக்கு நெடுநேரக் கணக்கு வேண்டியிருந்த காலம் அது. நாற்பதாண்டுகள் கழித்து, 1997-இல், அதே டேவ் ஸ்மித்தின் நிறுவனம் மேசைக் கணினியில் விரல் வைத்ததும் ஒலிக்கும் 'ரியாலிட்டி' என்னும் மென்பொருளை வெளியிட்டது. அதன்பின் சிந்தசைசர் என்பது பெட்டியாக இருக்க வேண்டிய தேவையே இல்லாமற்போயிற்று.

மென்பொருளால் இன்னொரு வழியும் விரிந்தது. பதிவுசெய்த ஒலியை எடுத்து ஒலிக்காமல், கம்பி எப்படி அதிர்கிறது, அலை அதன் இரு முனைகளுக்கிடையே எப்படிச் சென்று மீள்கிறது, ஒவ்வொரு முறையும் எவ்வளவு தேய்கிறது என்பதையே கணக்கிட்டு ஒலியை உண்டாக்கும் முறை அது. 1983-இல் கார்ப்லஸ், ஸ்ட்ராங் என்னும் இருவர் இதன் மிக எளிய வடிவத்தை வெளியிட்டனர். ஸ்டான்ஃபோர்டில் ஜூலியஸ் ஸ்மித் இதை வளர்த்தெடுத்தார். பதிவுசெய்த வீணையொலி எத்தனை இனிமையாயினும் அது நேற்று ஒருவர் மீட்டிய ஒலி. கணக்கில் வாழும் கம்பியோ இப்போது இழுத்தால் இப்போது வளையும். இம்முறையில் அமைந்த 'ஜியோஷ்ரெட்' என்னும் மென்பொருளை ஐபேடின் கண்ணாடிப் பரப்பில் வாசித்து, கருநாடக இசைக் கலைஞர் மகேஷ் ராகவன் இராகங்களை உரிய கமகங்களோடு இசைத்துக் காட்டியிருக்கிறார். துருத்திப்பெட்டியை வானொலி விலக்கியபோது எது இல்லை என்று சொன்னதோ, அது அக்கண்ணாடியில் திரும்பி வந்துவிட்டது.

2018 ஜனவரியில் மிடி ஒழுங்கிலேயே இதற்கு இடம் செய்யப்பட்டது. எம்.பி.இ. என்னும் அத்திருத்தத்தின்படி ஒவ்வொரு சுரமும் தனக்கெனத் தனித்தடத்தில் செல்லும். ஆகவே ஒன்று அசையாது நிற்க மற்றொன்று வளையலாம், நடுங்கலாம், அழுத்தத்தால் பெருகலாம். மொழி பிறந்து முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின்! அதே ஆண்டு 'சர்ஜ்' என்னும் சிந்தசைசர் மென்பொருள் எவரும் இலவசமாக எடுத்தாளும்படி திறந்துவிடப்பட்டது. எம்.பி.இ. முறையை ஏற்கும் அம்மென்பொருளில், பன்னிரண்டு சுரங்களுக்கு அப்பால் வேறு பகுப்புகளையும் ஒரு சிறு கோப்பாக எழுதிக் கொடுக்கலாம். பண்டிதரின் 24 சுருதிகளை எழுதிக் கொடுத்தால் அவற்றையும் ஒலிக்கும். வீணையும் தம் இல்லத்தார் குரலுமே துணையாக அவர் வாதிட்ட கணக்கை, ஓசூர்ப் பையன் ஒருவன் பழைய மடிக்கணினியில் ஒரு மாலைப்பொழுதில் கேட்டுப் பார்த்துவிடலாம்.

இவையெல்லாம் இருக்க, நம் ஆலயங்களுக்குள் வந்தது எது? 2000-களில் இந்தியச் சந்தைக்கென்றே தபலா, தோலக், சித்தார் ஒலிகளும், இந்தியத் தாள அமைப்புகளும் நிரம்பிய கீபோர்டுகள் வந்தன. 2019-இல் யமஹா நிறுவனம் காஞ்சிபுரம் மாவட்டத்திலேயே ஆலை அமைத்துக் கீபோர்டுகளைச் செய்யத் தொடங்கியது. கருவி நம் மண்ணில் பிறக்கிறது. அதில் ஓடும் தாளமோ எங்கோ அமைத்துப் பூட்டப்பட்டது. அதற்கும் அடுத்த படியாக, குரல் நீக்கிய பாடல் பதிவைப் பென்டிரைவில் கொண்டுவந்து ஒலிபெருக்கியில் ஓடவிட்டு, அதன்மேல் பாடும் வழக்கமும் பரவிவிட்டது. 1958 ஏடு இசைத்தட்டையும் ஒலிநாடாவையும் விலக்கியது நினைவிருக்கும்.

இதில் இழந்தவர் யார் என்பதையும் சொல்லியாக வேண்டும். 1903-இல் திருத்தந்தை பத்தாம் பயஸ், பியானோவோடு முரசையும் தாளத்தையும் ஆலயத்திலிருந்து விலக்கினார். நம் சிற்றூர்களில் மேளமும் பறையும் தேர்பவனியில் வாசலோடு நின்றன. உள்ளே ஆர்மோனியம் மட்டும் சென்றது. வாசலில் நின்றவர் எந்தத் தெருவார் என்பது சொல்லாமலே விளங்கும். சங்கத்துக்குப் பின் தபலாவும் தோலக்கும் உள்ளே வந்தன. சில ஊர்களில் பறையும் வந்தது. அரும்பாடுபட்டுக் கிடைத்த அந்த இடம் ஒரு தலைமுறைகூட நிலைக்கவில்லை. கீபோர்டின் தாளப்பெட்டி அதை எடுத்துக்கொண்டது. தோலக் வாசித்தவர் இன்று பீடத்துக்கு நேரே இருக்கும் வரிசையில் கைகட்டி நிற்கிறார். அவரை எவரும் விலக்கவில்லை; தேவைப்படவில்லை, அவ்வளவே. முதலில் விலக்கியது ஒரு விதி. பின்னர் விலக்கியது ஒரு வசதி. இரண்டாவதை எதிர்த்து முறையிடவும் இடமில்லை.

தாளப்பெட்டி செய்யும் வேறொன்று பதிலுரைத் திருப்பாடலில் தெரியும். பாடகர் குழு ஒரு வேகத்தில் பாடுகிறது. இறைமக்கள் பதிலுரைக்கையில், முன்வரிசை மூதாட்டிகள் வரியின் கடைசிச் சொல்லைச் சற்றே நீட்டுவார்கள். அவர்கள் அறியாமல் செய்யும் தவறன்று அது. ஒப்பாரியிலும் தாலாட்டிலும் பழகிய நீட்டல். தோலக்கு வாசிப்பவர் அதைக் கேட்டுக் கை தாழ்த்துவார். பெட்டி கேட்பதில்லை. ஆகவே மூதாட்டிகள் அரையடி பின்தங்குகிறார்கள். இரண்டு மூன்று வாரத்தில் பாடுவதையே விட்டுவிடுகிறார்கள்.

இதை எழுதுவது கீபோர்டு வாசிக்கும் இளைஞர்களைக் குறைசொல்வதற்கன்று. வார விடுமுறையைத் துறந்து வந்து அமர்கிறவர்கள் அவர்கள். ஓசூர்க் கருவிக்கூடங்களில் மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்குக்கு இரும்பைச் செதுக்கும் கைகள் அவை. ஆயத்த அச்சில் வார்ப்பதற்கும் தாமே கடைந்தெடுப்பதற்கும் உள்ள வேறுபாட்டை அவர்களுக்கு நாம் கற்பிக்க வேண்டியதில்லை. ஆனால் ஒலியையும் அவ்வாறு கடையலாம் என்று அவர்களுக்கு எவரும் சொன்னதில்லை. கீபோர்டில் ஒலிகள் எண்ணிட்ட பட்டியலாக வருகின்றன. எண்ணைத் தட்டுவதே பயிற்சியாக இருக்கிறது. சிந்தசைசர் மென்பொருளைத் திறந்தால் பட்டியலுக்குப் பின்னே அலையாக்கியும் வடிகட்டியும் தெரியும். ஒலி எவ்வளவு மெல்ல எழ வேண்டும், விரலை அழுத்தினால் எது கூட வேண்டும் என்பதை அவரவரே அமைக்கலாம். திருத்தைலம் பூசும் நேரத்துக்கு ஒன்று, அடக்கத் திருப்பலிக்கு ஒன்று, பாஸ்கா இரவின் வானவர் கீதத்துக்கு ஒன்று என ஒரு பங்கு தனக்கென ஒலிகளைச் செய்து வைத்துக்கொள்ள இன்று பணம் தடையன்று.

இருக்கிற கீபோர்டிலும் உடனே செய்யக்கூடியது ஒன்று உண்டு. தாளத்தையும் பின்னணி அமைப்பையும் இயக்கும் பொத்தான் பெரும்பாலும் பலகையின் இடப்புறத்திலேயே இருக்கும். பதிலுரைத் திருப்பாடலின்போது அதை அணைத்துவிட்டு, ஆதார சட்ஜமும் பஞ்சமமும் மட்டும் நிற்கும்படி இரு கட்டைகளை அழுத்திப் பிடித்துக்கொண்டால், அது ராஜ் நாராயணின் பெட்டி செய்யும் வேலையைப் பெரும்பாலும் செய்யும். தோலக் வாசிப்பவர் இன்னும் அதே வரிசையில்தான் நிற்கிறார். அவரை அழைக்க ஒரு கையசைப்பு போதும்.